பெட்டியைப் பிரித்தவர்கள்: எண்ணூர்ச் சாலையில் மோட்டார்த் தொழிலின் தொடக்கம்

மோட்டார் வண்டித் தொழிலின் வரலாற்றை எழுதியவர்கள் முன்னோடி என்ற சொல்லைப் பெரும்பாலும் ஒரே பொருளில்தான் ஆண்டுவந்திருக்கிறார்கள்: பகல் வேலை முடிந்தபின் வீட்டுக் கொல்லைப்புறப் பட்டறையில் உட்கார்ந்து, குதிரையில்லாமல் ஓடும் வண்டியொன்றைத் தன் கையாலேயே செய்து முடித்த தனிமனிதர். இந்தப் பொருள் அமெரிக்காவில் உருவானது. அங்கே அது பெருமளவுக்கு உண்மையும்கூட. ஆனால் சென்னைத் துறைமுகத்திலிருந்து ராயபுரம், தண்டையார்பேட்டை, டோல்கேட், திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை வடக்கே நீளும் கடலோரப் பகுதியில், விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கிய மோட்டார்த் தொழிலை அந்த அளவுகோலை வைத்து அளந்தால், முன்னோடி என்று ஒருவரும் தேறமாட்டார். இங்கே தொழில் தொடங்கியவர்கள் கப்பலில் வந்திறங்கிய மரப்பெட்டிகளைப் பிரித்து, உள்ளே உறுப்பு உறுப்பாகக் கிடந்த வண்டியைப் பூட்டி ஓடவிட்டார்கள். பிறகு அந்தப் பெட்டிக்குள் வரும் பொருள்களின் பட்டியலை ஆண்டுக்காண்டு குறைத்துக்கொண்டே வந்தார்கள். இந்த இரண்டாவது வேலை எவ்வளவு கடினமானது என்பது முதல் பார்வையில் தெரிவதில்லை. ஒரு வண்டியைக் கண்டுபிடிப்பதற்குச் சற்றும் குறையாத வேலை அது.

அமெரிக்க முன்னோடிகளில் ஒருவரான ரான்சம் ஓல்ட்ஸ், மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் தம் தந்தையின் எந்திரப் பட்டறையில் வளர்ந்தவர். அவர் செய்த நீராவி வண்டியொன்று 1893-ஆம் ஆண்டு பம்பாயில் இயங்கிய வணிக நிறுவனமொன்றுக்கு 400 டாலருக்கு விற்கப்பட்டதாக அமெரிக்க மோட்டார் வரலாறுகள் குறிப்பிடுகின்றன. அந்நாட்டிலிருந்து வெளிநாட்டுக்கு விற்ற முதல் மோட்டார் வண்டி என்று பேசப்படும் அதை வாங்கியது இந்தியா என்பது, பிற்காலக் கதையை அறிந்தவர்களுக்குச் சற்றுப் புன்னகை வரவழைக்கும் செய்தி. மூன்றாண்டுகள் கழித்து, 1896 ஜூன் மாதத்தில், டெட்ராய்ட் நகரின் மின்சார நிறுவனமொன்றில் பொறியாளராக இருந்த ஹென்றி ஃபோர்டு, வாடகை வீட்டின் பின்புறக் கொட்டகையில் தம் முதல் நாற்சக்கர வண்டியைச் செய்து முடித்தார். முடித்தபின்தான் கொட்டகையின் கதவு வண்டியைவிடக் குறுகலானது என்று தெரிந்தது, கோடரியால் செங்கற்சுவரை இடித்து வண்டியை வெளியே கொண்டுவந்தார். அதே 1896-இல் இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில், லேலண்டு என்னும் சிற்றூரில், நீராவி வண்டி செய்யும் நிறுவனமொன்று தொடங்கப்பட்டது. 1907-இல் அது ஊர்ப்பெயரையே தன் பெயராக ஏற்றது. எண்ணூரில் இன்றும் வழங்கும் பெயர் அந்த ஊரினுடையது.

சென்னைக்கும் இத்தகைய பட்டறை மரபு ஒன்று இருந்திருக்கக்கூடும். 1840-இல் குதிரைச் சேணமும் கோச்சு வண்டியும் செய்யத் தொடங்கிய மவுண்ட் ரோட்டு சிம்சன் நிறுவனத்தில், சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-இல் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டினார். ஃபோர்டு தம் கம்பெனியைப் பதிவுசெய்த ஆண்டும் அதுதான். இரு நிகழ்வுகளுக்கும் இடையில் ஆண்டு ஒன்றே என்றாலும் பின்விளைவு ஒன்றல்ல. ஃபோர்டின் வண்டிக்குப் பின்னால் உருக்காலையும் உதிரிபாகப் பட்டறையும் வங்கிக் கடனும் வண்டி வாங்க வசதியுள்ள உழவர்களும் இருந்தார்கள். கிரீனின் வண்டிக்குப் பின்னால் ஒரு குடியேற்ற நாட்டின் இறக்குமதிக் கொள்கை இருந்தது. ஆகவே அடுத்த நாற்பதாண்டுகளில் தமிழகத்தில் மோட்டார்த் துறையில் பெயர் பெற்றவர்கள் வண்டியை ஓட்டிப் பொருளீட்டியவர்களாகவே இருந்தார்கள்: 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விட்ட டி.வி. சுந்தரம் அய்யங்கார் அவர்களில் மூத்தவர், கோவைப் பகுதியில் 1920-இல் பேருந்துத் தொழிலில் இறங்கிய ஜி.டி. நாயுடு அடுத்தவர். வண்டியும் அதன் ஒவ்வொரு போல்ட்டும் கப்பலில்தான் வந்தன.

கப்பலில் வரும் வண்டி இரண்டு வடிவங்களில் வரலாம். முழு வண்டியாக வந்தால் அது கப்பலின் அடித்தளத்தில் நிறைய இடத்தை அடைத்துக்கொள்ளும். கூடுதல் சுங்கமும் கட்ட வேண்டியிருக்கும். அதையே உறுப்பு உறுப்பாகக் கழற்றி, எண்ணிட்டு, எண்ணெய்த் தாளில் சுற்றி, மரப்பெட்டியில் அடுக்கினால், ஒரு வண்டி அடைத்த இடத்தில் பல வண்டிகள் அடங்கும்; சுங்கமும் உறுப்புகளுக்கு உரிய விகிதத்திலேயே விழும். முழுவதும் பிரிக்கப்பட்ட இந்த நிலையைத் தொழிலில் சி.கே.டி. என்ற மூன்றெழுத்தால் குறிப்பார்கள். ஃபோர்டு நிறுவனம் 1926 முதல் இந்தியாவிலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயிலும் நடத்தியது இத்தகைய பூட்டும் வேலையைத்தான். பெட்டி கனமானது, பருமனானது. அதைத் துறைமுகத்திலிருந்து வெகுதூரம் இழுத்துச் செல்வது வீண் செலவு. அதனால் பூட்டும் ஆலைகள் துறைமுகத்தைச் சுற்றியே எழுவது இயல்பு. பரந்த மனையும், கூடூர் நோக்கிச் செல்லும் ரயில் பாதையும், துறைமுகத்துக்கு நேர்ச்சாலையும் ஒருங்கே வாய்த்த வடசென்னைக் கடற்கரை மோட்டார்த் தொழிலின் முகவரியானதற்கு இதைவிட நுட்பமான காரணம் எதுவும் தேவையில்லை.

இந்த முகவரிக்கு முதலில் வந்தவர் சென்னைக்காரர் அல்லர், தமிழரும் அல்லர். ரகுநந்தன் சரண் பஞ்சாபியர். விடுதலைப் போராட்டத்தில் பங்கெடுத்தவர், ஜவஹர்லால் நேருவுக்கு நெருக்கமானவர். நாடு விடுதலையடைந்தபின் அரசியலில் ஒரு பதவியை எதிர்பார்த்திருக்கக்கூடிய நிலையில் இருந்த அவரை, நவீன தொழிலொன்றில் இறங்கும்படி நேருவே தூண்டினார் என்பது நிறுவன வரலாற்றில் நிலைபெற்றுவிட்ட செய்தி. 1948 செப்டம்பர் 7 அன்று அசோக் மோட்டார்ஸ் பதிவாயிற்று. ஓல்ட்ஸ் தம் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ரியோ என்று தம் இரண்டாவது கம்பெனிக்குப் பெயரிட்டார். ஃபோர்டு தம் குடும்பப் பெயரையே வைத்தார். சரண் தம் ஒரே மகன் அசோக்கின் பெயரை வைத்தார். அசோகச் சக்கரம் தேசியக் கொடியில் ஏறிய மறு ஆண்டு அது என்பதால், பெயரைக் கேட்டவர்களுக்கு மௌரியப் பேரரசர் நினைவுக்கு வந்தால் வியப்பில்லை. வீட்டுப் பிள்ளையின் பெயர் இப்படிப் பொதுப்பெயராகவே கரைந்துபோனதில், வைத்தவரின் பெயரும் சேர்ந்தே மறைந்தது.

நிறுவனத்தின் அலுவலகம் இன்று ராஜாஜி சாலை எனப்படும் கடற்கரைச் சாலையிலும், ஆலை எண்ணூரிலும் அமைந்தன. 1949-இல் இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ-40 காரைப் பூட்டும் வேலை தொடங்கியது. நான்கு சிலிண்டரும் 1200 சி.சி. எஞ்சினும் கொண்ட இந்தக் கார், இங்கிலாந்தில் 1947-இல் வெளிவந்தது. அதன் உடற்கூடு தனி, அதைத் தாங்கும் சேசிஸ் எனப்படும் அடிச்சட்டம் தனி. பூட்டும் வேலைக்கு அந்த அமைப்பு ஏற்றதாக இருந்தது: முதலில் அடிச்சட்டத்தைத் தாங்கிகளின்மேல் வைத்து, ஸ்பிரிங் பட்டைகளையும் அச்சுகளையும் மாட்டி, எஞ்சினைச் சங்கிலிக் கப்பியால் தூக்கி இறக்கி, கடைசியில் உடற்கூட்டைக் கவிழ்த்து வைத்தால் வண்டி தயார். சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இந்த வேலையில், பெட்டியைத் திறந்ததும் சரக்குப் பட்டியலோடு ஒவ்வொரு உறுப்பையும் ஒப்பிட்டு எடுத்துவைப்பவரின் பொறுப்பே பெரிது. கப்பலின் உப்புக்காற்றில் ஒரு பேரிங் துருப்பிடித்திருந்தாலும், ஒரு வாஷர் குறைந்திருந்தாலும், அடுத்த கப்பல் வரும்வரை அந்த வண்டி தாங்கியின்மேல் நிற்க வேண்டியதுதான். பின்னாளில் உறுப்புகளைத் தாமே செய்யத் தலைப்பட்ட இந்தியத் தொழிலாளிக்கு முதல் பாடம் இந்த ஒப்பிடும் மேசையிலேயே கிடைத்திருக்க வேண்டும்.

சரணை முன்னோடி என்று அழைப்பதற்கு ஆஸ்டின் கார் மட்டும் போதாது. அந்த வேலையைப் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பலர் செய்துகொண்டிருந்தார்கள். அவரைத் தனித்துக் காட்டுவது அதை விட்டுவிட அவர் எடுத்த முடிவு. புதிய நாட்டுக்கு அப்போது மிகுதியாகத் தேவைப்பட்டவை கார்கள் அல்ல, சரக்கு லாரிகளும் பேருந்துகளும்தாம் என்று கண்ட அவர், லேலண்டு நிறுவனத்தோடு பேச்சு நடத்தினார். 1950-இல் எட்டிய உடன்பாட்டின்படி லேலண்டு லாரிகளை இறக்குமதி செய்யவும், பூட்டவும், படிப்படியாக உற்பத்தி செய்யவும் ஏழாண்டுகளுக்கான தனியுரிமை அசோக் மோட்டார்ஸுக்குக் கிடைத்தது. கோமெட் எனப்படும், முன்மூக்கு நீண்ட டீசல் லாரிகள் எண்ணூரில் பூட்டப்படலாயின. பெட்ரோல் வண்டிகளே சாலையை ஆண்ட காலத்தில் டீசலைத் தேர்ந்தது சாதாரண முடிவல்ல: டீசல் எஞ்சின் விலை கூடுதல், கனமானது, உட்செலுத்தும் பம்பின் துல்லியமான வேலைப்பாடு எளிதில் கைவராதது, ஆனால் எரிபொருள் மலிவு, பாரம் ஏற்றினாலும் இழுக்கும். நீண்ட தொலைவு சரக்கு சுமக்கும் நாட்டில் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதை அவர் சரியாகவே கணித்தார்.

பயனைப் பார்க்க அவர் இருக்கவில்லை. லேலண்டோடு உறவு முழு வடிவம் பெறுவதற்குள் விமான விபத்தொன்றில் உயிரிழந்தார். சென்னை மாநில அரசும் பிற பங்குதாரர்களும் சேர்ந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். 1954-இல் ஆண்டுக்கு 1,000 கோமெட் வண்டிகளை உற்பத்தி செய்ய மத்திய அரசு உரிமம் வழங்கியது; 1955-இல் லேலண்டு நிறுவனமும் பங்குதாரராகி, அசோக் லேலண்டு என்ற இரட்டைப் பெயர் பிறந்தது. கட்டி நடத்தியவர்களின் பெயர்களை நினைவில் வைத்திருக்கும் தொழில் வரலாறு, திசையைத் தேர்ந்தவரின் பெயரை ஒரு வரியில் கடந்துவிடுகிறது. சரணின் வாழ்க்கை குறித்து விரிவான நூல் ஒன்றும் புழக்கத்தில் இல்லாதது தமிழ்நாட்டுக்குப் பெருமையல்ல.

உரிமம் என்ற சொல்லின் எடையை இன்றைய வாசகர் உணர, அதே ஆண்டுகளின் அரசாணைகளைச் சற்றுப் பார்க்க வேண்டும். முழு வண்டிகளின் இறக்குமதியை 1949-இல் தடுத்த மத்திய அரசு, 1953-இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, உறுப்புகளை உள்நாட்டிலேயே செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் பூட்டும் தொழிலை விட்டு வெளியேற வேண்டும் என்று முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கதவை மூடிச் சென்றன. அமெரிக்காவின் பெரும் முன்னோடி தொடங்கிய கம்பெனி இந்தியாவில் வெறும் பூட்டும் கடையாகவே கருதப்பட்டு வெளியேறியது. பஞ்சாபியர் ஒருவர் மகன் பெயரில் தொடங்கிய எண்ணூர்ப் பட்டறை, உற்பத்தித் திட்டம் ஒன்றைக் காகிதத்தில் காட்டியதால் நிலைத்தது. முன்னோடியின் தகுதியை இங்கே தீர்மானித்தது அரசுக் கோப்பு. ஃபோர்டு 1990களில் மறைமலைநகருக்குத் திரும்பி வந்து, 2021-இல் மீண்டும் விடைபெறுவதாக அறிவித்தது தனிக்கதை.

காகிதத்தில் காட்டிய திட்டத்தைப் பட்டறையில் நிறைவேற்றுவது வேறு வேலை. படிப்படியான உற்பத்தி என்பதன் பொருள், பெட்டியிலிருந்து ஒவ்வொரு பொருளாக நீக்குவது. டயர், பேட்டரி, கண்ணாடி, இருக்கை, ஸ்பிரிங் பட்டை போன்றவை முதலில் நீங்கும். பிஸ்டனும் பிரேக்கும் மின்கருவிகளும் அடுத்து. வார்ப்பிரும்பு எஞ்சின் பிளாக்கும், கிராங்க் தண்டும், பல்சக்கரங்களும் கடைசியில். இடையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனித் தொழிற்சாலை தேவை என்பதால், செம்பியத்தில் 1949-இல் எழுந்த இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கி, பாடியில் 1960களில் வரிசையாக எழுந்த டி.வி.எஸ். குழும ஆலைகள் வரை, சென்னையின் வடக்கும் மேற்கும் உதிரிபாகங்களின் நிலமாயின. சிம்சன் குழுமத்தின் தலைவர் எஸ். அனந்தராமகிருஷ்ணன் இந்தப் பரப்பை இணைத்துப் பார்த்தவர்களில் முதன்மையானவர். எண்ணூரில் 1967-இல் வெளிவந்த டைட்டன் இரட்டை மாடிப் பேருந்தில் உள்நாட்டு உறுப்புகள் 50 விழுக்காடு என்று நிறுவனம் பெருமையாக அறிவித்தது. சரண் பெட்டியைப் பிரித்து ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் பெட்டி பாதிதான் காலியாகியிருந்தது என்றும் அதே எண்ணைப் படிக்கலாம்.

எண்ணூருக்குத் தெற்கே, திருவொற்றியூரில், இதே முறையில் இன்னொரு வண்டி வேரூன்றியது. மெட்ராஸ் மோட்டார்ஸ் என்னும் விற்பனை நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்து ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களை வரவழைத்து விற்றுவந்தது. 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் 350 சி.சி. புல்லட் வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்ததும், முகவர் உற்பத்தியாளரானார். 1955-இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, மறு ஆண்டு திருவொற்றியூர் ஆலை திறந்தது. முதல் வண்டிகள் வழக்கம்போல் பெட்டியில் வந்து பூட்டப்பட்டவை. இங்கே வரலாறு ஒரு விந்தையைச் செய்தது. 1967-இல் ரெட்டிச் ஆலையும், 1970-இல் இங்கிலாந்தில் எஞ்சியிருந்த உற்பத்தியும் நின்றுபோக, கற்றுக்கொடுத்த இடம் மறைந்து கற்றுக்கொண்ட இடம் மட்டும் நிலைத்தது. 1977-இல் திருவொற்றியூர்ப் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. புல்லட்டின் பெட்ரோல் டாங்கியின் ஓரத்தில் பொன்னிறக் கோடு ஒன்று ஓடும். அளவுகோலோ ஒட்டுத்தாளோ இல்லாமல், மெல்லிய தூரிகையை ஒரே இழுப்பில் வளைத்து அந்தக் கோட்டைப் போடும் கை இங்கே தலைமுறையாக இருந்தது. எந்தப் பெட்டியிலும் வந்திறங்க முடியாத உறுப்பு அது ஒன்றுதான்.

இந்தச் சாலையின் மூன்றாவது தொடக்கம் எல்லாவற்றிலும் எளியது. அமெரிக்கப் பட்டறை முன்னோடியின் சாயலுக்கு மிக அருகில் வருவதும் அதுவே. கே.எம். மம்மன் மாப்பிள்ளை 1922-இல் கேரளத்தில் பிறந்தவர். மலையாள மனோரமா நாளிதழின் ஆசிரியராகவும் வங்கியாளராகவும் இருந்த அவருடைய தந்தை, திருவாங்கூர் அரசோடு ஏற்பட்ட மோதலில் 1938-இல் வங்கியையும் நாளிதழையும் இழந்து சிறை சென்றார். குடும்பத்தின் சொத்து போனபோது மகன் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். விடுதியில் வெறுந்தரையில் படுத்துறங்கிப் படிப்பை முடித்ததாக அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுகிறார்கள். 1946-இல், திருவொற்றியூரில் ஒரு கொட்டகை எடுத்து, எந்திரம் எதுவும் இல்லாமல் குழந்தைகள் விளையாடும் ரப்பர் பலூன் செய்யத் தொடங்கினார். செய்ததைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி விற்றவரும் அவரே. மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்னும் பெரிய பெயர் இந்தச் சிறிய கொட்டகைக்கு வைக்கப்பட்டது.

பலூனிலிருந்து டயருக்குப் போகும் பாதை டிரெட் ரப்பர் வழியாகச் சென்றது. லாரி டயரில் சாலையைத் தொடும் மேற்பகுதி, அதாவது ஓட்டுநர்கள் பட்டன் என்று சொல்லும் பகுதி, தேய்ந்து மொட்டையானாலும் உள்ளே இருக்கும் நூலடுக்கு உறுதியாகவே இருக்கும். புதிய ரப்பர்ப் பட்டையொன்றை அதன்மேல் சுற்றி, அச்சில் வைத்துச் சூடேற்றினால் டயர் மீண்டும் ஓடும். புது டயருக்கு வழியில்லாத நாட்டில் லாரித் தொழில் உயிர்வாழ்ந்தது இப்படித்தான். அந்தப் பட்டையை வெளிநாட்டு நிறுவனங்களே விற்றுவந்ததைக் கண்ட மாப்பிள்ளை 1952-இல் அதில் இறங்கி, அடுத்த சில ஆண்டுகளில் உள்நாட்டுச் சந்தையில் ஏறக்குறைய பாதியைப் பிடித்தார். பிறகுதான் முழு டயர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து மான்ஸ்ஃபீல்டு டயர் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961-இல் திருவொற்றியூரில் டயர் உற்பத்தி தொடங்கியது. குளிர்நாட்டுச் சீரான சாலைக்கு வகுத்த கலவை, வெயிலில் உருகும் தாரிலும் அனுமதித்த பாரத்துக்கு மேல் ஏற்றும் லாரியிலும் நெடுநாள் தாங்காது என்பதை அனுபவம் காட்டியது. ரப்பர்க் கலவையையும் நூலடுக்கையும் இங்கேயே ஆராய்ந்து மாற்ற வேண்டியிருந்தது. 1967-இல் இதே நிறுவனம் அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி செய்தது. ஓல்ட்ஸின் வண்டி பம்பாய்க்கு விற்கப்பட்டு 74 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இம்மூன்று ஆலைகளுக்கும் நகரத்துக்கும் நடுவே இருப்பது டோல்கேட். பட்டணத்துக்குள் நுழையும் வண்டிகளை நிறுத்திச் சுங்கம் வாங்கிய சாவடி அங்கே இருந்ததைப் பெயரே சொல்கிறது. சாவடி போய்விட்டது, பெயர் பேருந்து நிறுத்தத்திலும் 2021-இல் திறந்த மெட்ரோ நிலையத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வடக்கே போகும் பெட்டிகளும் தெற்கே வரும் வண்டிகளும் நெடுங்காலம் இந்த வட்டாரத்தைத் தாண்டியே சென்றன. அந்த நாட்களில் எண்ணூரிலிருந்து வந்த லாரி லாரியைப் போலவே இருந்ததில்லை: எஞ்சினும் ஸ்டியரிங்கும் ஆறு சக்கரமும் மட்டும் உள்ள வெறும் சேசிஸ், கூரையில்லை, கதவில்லை, முன்கண்ணாடியில்லை, பலகையொன்றின்மேல் உட்கார்ந்து, தலையையும் முகத்தையும் துண்டால் சுற்றிக்கட்டிய ஓட்டுநர், எடை ஏறாததால் பின்புறம் துள்ளிக் குதிக்கும் அந்த இரும்புச் சட்டத்தை வெயிலிலும் மழையிலும் பாடி கட்டும் ஊருக்கு ஓட்டிச் செல்வார். எண்ணூர் ஆலை கடைசிவரை முடிக்காமல் விட்ட வேலையை நாமக்கல்லிலும் கரூரிலும் தச்சர்களும் கொல்லர்களும் முடித்தார்கள். எல்லாம் முடிந்தபின் பெயின்டர் ஏணி போட்டு ஏறுவார். ஆலையில் பொறித்துவந்த அசோக் என்ற பெயருக்கு மேலே, கேபினின் நெற்றியில், லாரி உரிமையாளர் சொன்ன பிள்ளையின் பெயரைப் பூவேலையோடு எழுதுவார்.